ஒரே பக்கத்தில் ஒன்பது ‘ரன்’: எப்படித் தமிழில் கொண்டுவருவது?

நாணல் | வியாழன் இரவு 9:12

சிறு பதிப்பகம் ஒன்றுக்காக ஓர் அமெரிக்க நாவலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வடக்கு வர்ஜீனியாவில் ஒரு சின்ன ஊர், 1950-களில் நடக்கிற கதை. நூறு பக்கம் வரை பெரிய தொல்லை இல்லை. 118-ஆம் பக்கம் வந்ததும் மூன்று நாளாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். காரணம் ஒரே சொல்: ‘ரன்’. எழுதியவர் வேண்டுமென்றே விளையாடியிருக்கிறார். ஒன்பது இடத்தில் வருகிறது, ஒன்பதும் ஒன்பது விதம்.

உரிமைச் சிக்கல் வரும், மூலத்தை இங்கே போட முடியாது. கதையைச் சொல்கிறேன். கணவனுக்கு வேலை போனபின் ஒரு பெண் லாண்டரிக் கடை ‘ரன்’ பண்ணுகிறாள். அன்றைக்குப் பார்த்து ஒரு சிவப்புச் சட்டை ‘ரன்’ ஆகி வெள்ளைத் துணியெல்லாம் பாழ். அவள் காலுறையில் ஒரு ‘ரன்’. மளிகைக் கடையில் பாக்கியை ‘ரன் அப்’ செய்து வைத்திருக்கிறாள். சின்ன மகன் டெம்பரேச்சர் ‘ரன்’ பண்ணுகிறான். கணவன் ஷெரிஃப் பதவிக்கு ‘ரன்’ பண்ணப் போகிறானாம்; உள்ளூர்ப் பத்திரிகை அந்தச் செய்தியை ‘ரன்’ பண்ணிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மகன் குளிக்கத் தண்ணீர் ‘ரன்’ பண்ணுகிறாள். மூத்த பிள்ளைகள் இரண்டு பேரும் இருட்டும் வரை ‘ரன்’னில் கிடக்கிறார்கள்.

மற்றதெல்லாம் தட்டுத்தடுமாறி ஒப்பேற்றிவிடுவேன். கடைசி ‘ரன்’தான் சுத்தமாகப் புரியவில்லை. ஊர்ப்பெயர் எழுதுவது போல முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். கோழிகள் உலவ வலை கட்டிய இடத்துக்கு ‘சிக்கன் ரன்’ என்று பெயர் உண்டு. பிள்ளைகள் அதிலா கிடப்பார்கள்?

கொட்டைப்பாக்கு | வியாழன் இரவு 9:20

ஓடிப் போய்விடுங்கள் அக்கா. அதுதான் சரியான மொழிபெயர்ப்பு.

அது கிடக்கட்டும், ஆங்கிலத்தில் அதிகப் பொருள் உள்ள சொல் ‘செட்’தானே? பள்ளிக்கூட வினாடி வினாவில் அதைச் சொல்லி டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியவன் நான்.

பழுப்புத்தாள் | வியாழன் இரவு 9:47

டிபன் பாக்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். நீங்கள் பள்ளியில் படித்தபோது அதுதான் சரி. 1989-இல் வந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்ற வினைக்குத்தான் மிக நீளமான பதிவு, 430 பொருள். பிறகு அகராதியைச் சொல் சொல்லாகத் திருத்தி எழுத ஆரம்பித்தார்கள். 2011-இல் ‘ரன்’னின் முறை வந்தது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதிக்காரர் அந்த ஒரு சொல்லோடு ஏறத்தாழ ஒன்பது மாதம் மல்லுக்கட்டி, வினைக்கு மட்டும் 645 பொருள் பிரித்தார். பெயர்ச்சொல் கணக்கு தனி.

ஒன்பது பொருளுக்கு மூன்று நாள் ஆனால் 645-க்கு எவ்வளவு ஆகும் என்று போட்டுப் பார்த்தேன் நாணல். ஏழு மாதம் சொச்சம் வருகிறது. அவரைவிட நீங்கள் வேகம்தான்.

ரயிலடி | வியாழன் இரவு 10:30

நான் மொழிபெயர்ப்பாளன் இல்லை, ரயில் ஓட்டுகிறவன். ஆனால் இந்தச் சொல்லோடுதான் என் சம்சாரமே.

எங்களுக்கு ‘ரன்னிங் ஸ்டாஃப்’ என்று பெயர். ஓட்டுகிற கிலோமீட்டரைப் பார்த்துக் கொடுக்கும் படி ‘ரன்னிங் அலவன்ஸ்’. வண்டியை வெளியூரில் ஒப்படைத்துவிட்டு, அடுத்த வண்டி வரும் வரை படுத்துத் தூங்குகிற இடம் ‘ரன்னிங் ரூம்’. கல்யாணமான புதிதில் மாமியார் போன் பண்ணி எங்கே இருக்கீங்க மாப்பிள்ளை என்றார். ரன்னிங் ரூம்ல தூங்கிட்டிருந்தேன் அத்தை என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, ‘வண்டி ஓடிட்டிருக்கும்போதா தூங்குறீங்க?’ என்றார். அவருக்கு விளக்கிச் சொல்ல ஒரு தீபாவளி ஆனது.

இன்னும் இருக்கிறது. ஸ்டேஷனில் நிற்காமல் போகிற வண்டி ‘ரன் த்ரூ’. கடைசி ஸ்டேஷனில் இன்ஜினைக் கழற்றி, பக்கத்து லைன் வழியாகச் சுற்றிக் கொண்டுவந்து மறுமுனையில் மாட்டுவது ‘ரன் ரவுண்ட்’. புதுப் பாதை என்றால் ‘ட்ரையல் ரன்’. பாம்பன் புதுப் பாலத்தில் 2024-இல் நடந்ததைப் பேப்பரில் ‘சோதனை ஓட்டம்’ என்று எழுதினார்கள்.

பழுப்புத்தாள் | வியாழன் இரவு 10:41

சோதனை ஓட்டத்தில் தவறில்லை. ஆனால் தமிழில் அதற்கு அழகான பழைய சொல் ஒன்று சும்மா கிடக்கிறது: வெள்ளோட்டம். எங்கள் ஊர்க் கோயிலுக்குப் புதுத் தேர் செய்து முடித்தபோது, திருவிழாவுக்கு முன்னால் ஒரு நாள், சாமியை ஏற்றாமல் வெறும் தேரை நான்கு வீதியும் இழுத்துப் பார்த்தார்கள். தெற்கு வீதி முனையில் திரும்பும்போது மின்கம்பத்தில் உரசியது. கம்பத்தை நகர்த்தி நட்டார்கள், அப்புறம்தான் தேரோட்டம். ‘ட்ரையல் ரன்’னுக்கு இதைவிடத் துல்லியமாக எந்த மொழியில் சொல்ல முடியும்?

பனங்கிழங்கு | வியாழன் இரவு 11:05

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுறன். நீங்கள் அங்கே கிரிக்கெட்டில் ‘ரன்’ என்று அப்படியே எழுதுகிறீர்கள். எங்கட பேப்பரில் ‘ஓட்டங்கள்’தான். 6 விக்கெட் இழப்புக்கு 243 ஓட்டங்கள். ரிலே ரேஸ் எங்களுக்கு அஞ்சலோட்டம், உங்களுக்குத் தொடர் ஓட்டம். வயிற்றுப்போக்கை நாங்கள் வயிற்றோட்டம் என்போம். ஆங்கிலத்திலும் பேச்சு வழக்கில் அதை ‘தி ரன்ஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். வயிற்று விஷயத்தில் யாழ்ப்பாணமும் லண்டனும் ஒன்று.

கொட்டைப்பாக்கு | வியாழன் இரவு 11:09

சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறேன். நன்றி.

கிரிக்கெட் என்றதும் ஒன்று. அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஓட்டத்தைக் குச்சியில் வெட்டி வெட்டிக் கணக்கு வைப்பார்கள். அதனால் ரன்னுக்கே ‘நாட்ச்’ என்று பெயர், அதாவது வெட்டு. இப்போதும் அப்படியே இருந்திருந்தால் விராட் கோலி எத்தனை வெட்டு வெட்டினார் என்று எழுதவேண்டியிருக்கும்.

நாணல் | வெள்ளி காலை 6:50

ராத்திரியில் இவ்வளவு பேசியிருக்கிறீர்கள், என் பிள்ளைகள் இன்னும் ‘ரன்’னிலேயே கிடக்கிறார்கள். யாராவது கரையேற்றுங்கள்.

வேர்க்கால் | வெள்ளி காலை 7:35

கரையேற்றுகிறேன். கரை என்று உங்களை அறியாமல் சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

கதை நடக்கும் இடம் வடக்கு வர்ஜீனியா என்கிறீர்கள். விடை அதிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் அந்தப் பகுதியில் ‘ரன்’ என்றால் சின்ன நீரோடை. உள்நாட்டுப் போரின் முதல் பெரிய சண்டை 1861 ஜூலை 21 அன்று நடந்தது. அதை ‘புல் ரன்’ போர் என்பார்கள். காளை ஓடியதால் வந்த பெயர் இல்லை, அங்கே ஓடுகிற ஓடையின் பெயர். அடுத்த ஆண்டு அதே இடத்தில் இரண்டாவது சண்டை. வடக்கர்களுக்கு அருகில் இருக்கும் ஆறு, ஓடையின் பெயரைச் சண்டைக்கு வைக்கும் பழக்கம். தெற்கர்கள் ஊர்ப் பெயரை வைப்பார்கள். அதனால் தெற்கில் அதே சண்டைக்கு ‘மனாசஸ்’ என்று பெயர்.

ஆக உங்கள் பிள்ளைகள் ஓடையில் கிடக்கிறார்கள். பெரிய எழுத்து வந்ததற்குக் காரணம், ஊர்க்காரர்கள் ஓடையின் முழுப்பெயரைச் சொல்லாமல் ‘ரன்’ என்று சுருக்கிக் கூப்பிடுவதாக இருக்கும். நாம் ஆற்றுக்குப் போனேன் என்று சொல்லும்போது எந்த ஆறு என்று யாரும் கேட்பதில்லையே, அப்படி.

இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. ‘ரன்’ என்ற வினையிலிருந்து நீரோடைக்குப் பெயர் வந்தது. தமிழில் ஓடு என்ற வினையிலிருந்துதான் ஓடை. இரண்டு மொழிக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனால் ஓடுகிற தண்ணீரைப் பார்த்து இரண்டும் ஒரே மாதிரிப் பெயர் வைத்திருக்கின்றன.

நாணல் | வெள்ளி காலை 7:58

மூன்று நாள்! மூன்று நாளாகக் கோழிக்கூண்டு, பனிச்சறுக்குப் பாதை, ஆட்டு மேய்ச்சல் நிலம் எல்லாம் யோசித்தேனே ஒழிய, ஓடை தோன்றவே இல்லை. கும்பிடுகிறேன்.

வேர்க்கால் | வெள்ளி காலை 8:40

கும்பிட்டதற்குக் கூலியாக இன்னொன்று, கொஞ்சம் நீளம்.

இந்த ஒரு சொல்லில் இத்தனை பொருள் சேர்ந்ததற்கு ஒரு காரணம், இது முதலில் ஒரு சொல்லே இல்லை. பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் இருந்தன. ஒன்று ‘ரின்னன்’: தானாக ஓடுவது, தண்ணீர் பாய்வது. இன்னொன்று ‘அர்னன்’: ஓடவைப்பது, குதிரையை ஓட்டுவது. காலப்போக்கில் ஒலி தேய்ந்து இரண்டும் ஒன்றில் ஒன்று கலந்துவிட்டன. ஜெர்மன் மொழி இன்னமும் ஒரு ஜோடியைப் பிரித்தே வைத்திருக்கிறது: கசிந்து வழிந்தால் ‘ரின்னன்’, ஆள் ஓடினால் ‘ரென்னன்’.

நமக்கு இது புதிதே இல்லை. ஓடு, ஓட்டு. ஆடு, ஆட்டு. உருள், உருட்டு. தானாக நடப்பதற்கு ஒன்று, நடக்க வைப்பதற்கு ஒன்று என்று தமிழ் இன்றைக்கும் சுத்தமாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் நதியும் ‘ரன்’, கம்பெனியை நிர்வகிப்பதும் ‘ரன்’. மொழிபெயர்க்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: ஓடுகிறதா, ஓட்டுகிறார்களா? பாதி முடிச்சு அங்கேயே அவிழ்ந்துவிடும்.

பழைய ஆங்கிலப் பேச்சில் பால் உறைவதற்குக்கூட ‘ரன்’ என்று சொல்லியிருக்கிறார்கள். சீஸ் செய்யப் பாலில் சேர்க்கும் ‘ரென்னெட்’ அந்த வழியில் வந்த பெயர்தான். ஓடுகிற பாலை நிறுத்துவதற்கும் ஓடு என்ற சொல்லே!

ராத்திரி_ஷிஃப்ட் | வெள்ளி காலை 9:15

பாதி முடிச்சுதான் அண்ணே, மீதி பாதி எங்கள் ஆபீஸில் கிடக்கிறது. நான் மென்பொருள் ஆள். புரோகிராமை ‘ரன்’ பண்ணு என்பதற்குத் தமிழ் இடைமுகத்தில் ‘இயக்கு’ என்று போடுகிறோம். சரிதான். ஆனால் மின்சாரக்காரர் கேபிளை ‘ரன்’ பண்ணினால் நாம் ஓட்டவா செய்கிறோம்? வயர் இழுக்கிறோம். மாடியிலிருந்து கீழே வரை ஒரு லைன் இழுத்திருக்கு என்றுதான் யாரும் சொல்வார்கள். அவர்கள் ஓட்டுகிறார்கள், நாம் இழுக்கிறோம்.

அமெரிக்கர்கள் தேர்தலில் ஓடுகிறார்கள், பிரிட்டிஷ்காரர்கள் நிற்கிறார்கள், நாமும் நிற்கிறோம். கடையை அவர்கள் ஓட வைக்கிறார்கள். நாம் நடத்துகிறோம், அதாவது நடக்க வைக்கிறோம்! அவசரமே இல்லாத ஜனம்.

கல்லாப்பெட்டி | வெள்ளி காலை 10:02

வங்கியில் வேலை பார்க்கிறேன், எங்களுக்கு இந்தச் சொல்லைக் கேட்டாலே அடிவயிறு கலங்கும். ‘பேங்க் ரன்’. போட்டவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பணத்தைத் திரும்பக் கேட்பது. 2007 செப்டம்பரில் இங்கிலாந்தில் நார்தர்ன் ராக் வங்கி வாசலில் மக்கள் வரிசை கட்டி நின்ற படங்களைப் பார்த்திருப்பீர்கள். 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்கப் பார்த்தார்கள். அங்கே வரிசைக்கு அவ்வளவாக வேலை இல்லை, பெரும்பாலும் போனிலும் கணினியிலும் முடிந்துவிட்டது.

இதை ‘வங்கி ஓட்டம்’ என்று ஒரு கட்டுரையில் படித்தபோது ஏதோ மாரத்தான் போட்டி என்றுதான் நினைத்தேன். ‘பணத்தை எடுக்க முண்டியடித்தார்கள்’ என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

கொட்டைப்பாக்கு | வெள்ளி காலை 10:20

நான் பார்த்ததிலேயே உச்சம், ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரை. ‘அந்தக் கிராமத்தில் பல வீடுகளில் ஓடும் தண்ணீர் இல்லை.’ வீட்டுக்குள் ஆறு ஓடவில்லையாம். குழாய்த் தண்ணீர் இல்லை என்று சொல்ல வந்தவர், பாவம்.

பழுப்புத்தாள் | வெள்ளி காலை 11:30

சரி, நாணலின் பக்கத்துக்கு வருவோம். எல்லாரும் விடையைத் தனித்தனியாகக் கொடுக்கிறோம். ஆனால் மூல ஆசிரியர் ஒரே சொல்லை ஒன்பது முறை போட்டது ஒரு விளையாட்டுக்காக. நடத்துகிறாள், சாயம் போனது, காய்ச்சல் அடிக்கிறது, நிற்கிறார் என்று ஒன்பது சொல் போட்டால் பொருள் வந்துவிடும், விளையாட்டு செத்துப்போகும். எப்படியாவது ஒன்பது இடத்திலும் ‘ஓடு’வைக் கொண்டுவர முடியாதா என்று பாருங்கள்.

ராத்திரி_ஷிஃப்ட் | வெள்ளி காலை 11:44

‘மகனுக்குக் காய்ச்சல் ஓடியது.’ எங்கே ஓடியது, ஆஸ்பத்திரிக்கா?

நாணல் | வெள்ளி பகல் 1:10

பழுப்புத்தாள் சொன்னதை நேற்றே செய்து பார்த்தேன். ஒன்பதிலும் ஓட விட்டால், தமிழ் தெரிந்தவர் எழுதியது போலவே இல்லை. காய்ச்சல் அடிக்க வேண்டும், பாக்கி ஏற வேண்டும், செய்தியைப் போட வேண்டும். இதில் ஓடுவைத் திணித்தால் வாசகர் விளையாட்டைப் பார்க்க மாட்டார், என் தமிழைத்தான் சந்தேகப்படுவார்.

பனங்கிழங்கு | வெள்ளி பகல் 2:25

நாணல் அக்கா, ஒரு யோசனை. அவர்களுடைய ‘ரன்’ எங்கே வருகிறதோ அங்கேதான் எங்கட ‘ஓடு’ வர வேண்டும் என்று என்ன கட்டாயம்? அது போகாத இடத்துக்கும் எங்கட ஓடு போகுமே. படம் ஓடுது, பிழைப்பு ஓடுது, ரத்தத்தில் ஓடுது எல்லாம் ஆங்கிலத்துக்கும் பக்கத்தில் வரும். ஆனால் ‘கையும் ஓடேல்லை, காலும் ஓடேல்லை’ என்பதை ஆங்கிலத்தில் ‘ரன்’ வைத்துச் சொல்லிப் பார்க்கட்டும். ஒருத்தரைக் கேலி செய்வதை உங்கட ஆட்கள் ‘ஓட்டுறது’ என்கிறார்கள். நாடோடி, முன்னோடி, கண்ணோட்டம். இவ்வளவு இருக்கே.

வேர்க்கால் | வெள்ளி பகல் 2:40

முன்னோடி மட்டும் அவர்களிடமும் அச்சாக இருக்கிறது, ‘ஃபோர்ரன்னர்’. மற்றபடி பனங்கிழங்கு சொல்வதுதான் வழி. ஓரிடத்தில் விட்டதை வேறிடத்தில் பிடிப்பது.

லாண்டரியையும் யோசியுங்கள். அவள் கடை ‘நடத்துகிறாள்’ என்றால் முதலாளியம்மா மாதிரி இருக்கிறது. கணவனுக்கு வேலை போய், பாக்கி ஏறிக் கிடக்கிற பெண் அவள். ஏதோ ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நாம் சொல்வோமே, அந்த ‘ஓட்டு’ இங்கே சரியாக உட்காரும். ஆங்கிலத்து ‘ரன்’னில் இந்தப் பெருமூச்சு கிடையாது. அவர்களுக்கு நாட்டின் பெரிய கம்பெனியும் ‘ரன்’, இவளுடைய லாண்டரியும் ‘ரன்’.

தறிச்சத்தம் | வெள்ளி மாலை 5:15

நெசவுக் குடும்பம். இந்த இழைப் பக்கம் வராமலே போகலாம் என்று பார்த்தேன், காலுறையை யாரும் தொடாததால் வந்தேன். துணியில் ஓர் இழை அறுந்து அதன் வழியே கோடு விழுந்துகொண்டே போவதை எங்கள் வீட்டில் ‘இழை ஓடிருச்சு’ என்போம். காலுறை நெசவு இல்லை, பின்னல். அதில் ஒரு கண்ணி விட்டால் வரிசையாக எல்லாம் விட்டுக்கொண்டே போகும். இருந்தாலும் படிப்பவருக்கு ‘இழை ஓடியது’ புரியும். அங்கே உங்களுக்கு ஓர் ஓடு இலவசம்.

சிவப்புச் சட்டைக்குச் ‘சாயம் போனது’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். போனால் அந்தச் சட்டைக்குத்தான் நஷ்டம். அவளுக்குப் பிரச்சினை அது மற்ற துணியில் ஏறியது.

நாணல் | வெள்ளி இரவு 10:48

எல்லார் தயவிலும் முடித்துவிட்டேன். இதோ:

‘அவன் வேலை போனதிலிருந்து லாண்டரியை வைத்துத்தான் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஒரு சிவப்புச் சட்டையின் சாயம் அத்தனை வெள்ளையிலும் ஏறிவிட்டது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குனிந்து பார்த்தால் காலுறையில் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை இழை ஓடியிருந்தது. மளிகைக் கடைப் பாக்கி ஏறிக்கொண்டே போகிறது. சின்னவனுக்குக் காய்ச்சல் அடிக்கிறது. இந்த மனிதர் ஷெரிஃப் தேர்தலில் நிற்கப் போகிறாராம், பேப்பரிலேயே போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து தொட்டியில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் பிடித்து வைத்தாள். பெரியவர்கள் இருவரும் இன்னும் ஓடையில்தான் கிடந்தார்கள்.’

மூலத்தில் ஒன்பது. என்னிடம் ஓட்டு, ஓடு, ஓடை எல்லாம் சேர்த்து ஐந்து. அதில் கையும் காலும் மூலத்தில் இல்லாதவை, பனங்கிழங்கின் உபயம்.

பழுப்புத்தாள் | வெள்ளி இரவு 11:02

ஐந்தே போதும், தோற்றுப்போனேன். ஒரே ஒரு திருத்தம். ‘பெரியவர்கள் இருவரும்’ என்றால் தாத்தாவும் பாட்டியும் ஓடையில் கிடப்பது போல இருக்கிறது. ‘மூத்த பிள்ளைகள்’ என்று மாற்றுங்கள்.

நாணல் | வெள்ளி இரவு 11:04

ஐயோ. மாற்றிவிட்டேன்.